கம்பனி றோட்டுக்கு இந்தப் பக்கம்

பெப்ரவரி 3, திங்கள்

பயிற்சி இன்று தொடங்கியது. பதினெட்டுப் பேர் வந்திருந்தோம். பெண்கள் இரண்டே பேர்: நானும், தெற்குப் பக்கமிருந்து வந்த றிஸ்மியா என்பவளும். என்னைவிட நாலு வயது கூடியவள். அக்கா என்று கூப்பிட்டேன். "அக்கா எண்டு கூப்பிட்டா எனக்கு இப்பவே முட்டுவலி வந்திரும். பேரைச் சொல்லு" என்றாள்.

பட்டினத்துப் பயிற்சி நிலையமும் காற்றாலைக் கம்பனியும் சேர்ந்து நடத்தும் வகுப்பு. காற்றாலைகளைப் பராமரிக்கும் தொழில்நுட்பவியலாளர் என்று சான்றிதழ் தருவார்கள். வகுப்பாசிரியர் குகதாசன் சேர் வவுனியாக்காரர். "இந்தக் கரையில காத்து சும்மா அடிச்சுப்போட்டுப் போகுது. அதைப் பிடிச்சுச் சம்பளமாக்கிறது உங்கட கையில" என்றார். எல்லோரும் கைதட்டினோம். நான் கொஞ்சம் பலமாகவே தட்டினேன்.

வீட்டில் மின்வேலைப் பயிற்சி என்றுதான் சொல்லியிருக்கிறேன். பொய் இல்லை. காற்றாலையிலிருந்து வருவதும் மின்சாரம்தான். றெஜிஸ் அண்ணன், "கரண்ட் வேலையோ? நல்லம். வயர் அடிக்கத் தெரிஞ்சா எங்க போயும் பிழைக்கலாம்" என்றார். அம்மாவும் அப்பாவும் போன பிறகு என்னை வளர்த்தவர் அவர்தான். எங்கள் ஊர் இலந்தைக்குடாவின் மீன்பிடிச் சங்கச் செயலாளரும் அவர்தான். கம்பனிக்கு எதிரான மனுவில் முதல் பெயரும் அவருடையதுதான்.

ஆறுதலாகச் சொல்லிக்கொள்ளலாம்.

பெப்ரவரி 20

முழு நாளும் போல்ற் முறுக்கினோம். ஒவ்வொன்றையும் இவ்வளவுதான் இறுக்கலாம் என்று ஒரு அளவு இருக்கிறது. கூட இறுக்கினால் முறியும், குறைய இறுக்கினால் ஆட்டத்தில் கழலும். பொடியன்கள் பலத்தைக் காட்டப் போய் இரண்டு போல்ற்றை முறித்தார்கள். றிஸ்மியா ஒன்றையும் முறிக்கவில்லை. கருவி 'டக்' என்றதும் கையை எடுத்துவிடுகிறாள். வயரிங் வரைபடத்தையும் அவள் கடைப் பெயர்ப்பலகை வாசிப்பதுபோல் வாசிக்கிறாள். மகனை உம்மாவிடம் விட்டுவிட்டு, பட்டினத்தில் ஒரு அறை எடுத்துத் தங்கியிருக்கிறாள். புருசனைப் பற்றிக் கேட்டேன். "அவரு போயிட்டாரு. நல்லா இரிக்காராம்" என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தாள்.

வீட்டுக்கு வந்து அண்ணன் மனைவி அஞ்சலா மச்சாளோடு நண்டு வலை தெரிந்தேன்; வலையில் சிக்கியதை ஒவ்வொன்றாகக் கழற்றி எடுக்கும் வேலை. விரலில் முள் ஏறிவிட்டது.

மார்ச் 9, ஞாயிறு

பூசை முடிந்து கோயில் வாசலில் சங்கக் கூட்டம். மச்சாளோடு நானும் ஒரு ஓரமாக நின்றேன்.

பிரச்சினை பழையதுதான். முன்பெல்லாம் மழை பெய்தால் ஊர்த் தண்ணீர் தாழ்ந்த வெளியால் வடிந்து, கடலை ஒட்டிய களப்புக்குள் போய்விடும். கம்பனி தன் காற்றாலைகளுக்குப் போய்வர அந்த வெளிக்குக் குறுக்கே மண் உயர்த்தி றோட்டுப் போட்டது. தண்ணீர் போக ஒரு மதகுகூட வைக்கவில்லை. போன மார்கழியில் தண்ணீர் றோட்டுக்கு இந்தப் பக்கம், எங்கள் வீடுகளுக்குள், இரண்டு கிழமை நின்றது. மச்சாள் மேசைக்கு மேலே அடுப்பு வைத்துச் சமைத்தாள். இப்போது கம்பனி இன்னும் பத்துக் காற்றாலை நடப்போகிறது.

அண்ணன் சொன்னார்: "காத்தாடி சுத்தட்டும். அதில எங்களுக்கு ஒரு கோவமும் இல்லை. எங்கட தண்ணி போக வழியை விட்டுப்போட்டுச் சுத்தட்டும். மதகு வைக்குமட்டும் ஒரு லொறியும் உள்ளுக்க போகாது."

சம்மதமென்றால் கை தூக்கச் சொன்னார்கள். எல்லோரும் தூக்கினார்கள். மச்சாளின் கைக்குழந்தை என்னிடம் இருந்தது. இரண்டு கையாலும்தான் பிடிக்க வேண்டியிருந்தது.

மார்ச் 12

தெரிந்துவிட்டது.

கம்பனி முகநூலில் படம் போட்டிருக்கிறது. நானும் றிஸ்மியாவும் மஞ்சள் தலைக்கவசத்தோடு பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறோம். கீழே, 'எங்கள் மண்ணின் பெண்கள் உயரத்தை நோக்கி' என்று எழுதியிருக்கிறது. கரையில் வலை காயப்போட்டுக்கொண்டு நின்ற அண்ணனிடம் யாரோ போனை நீட்டியிருக்கிறார்கள்.

கை கால் கழுவிச் சாப்பிட உட்கார்ந்தார். நான்தான் சோறு போட்டேன்.

"இது நீதானே?"

"ஓம்."

"கரண்ட் வேலை எண்டெல்லோ சொன்னனீ."

"இதுவும் கரண்ட்தானே அண்ணா."

"நான் கேற்றுக்கு வெளியில நிண்டு கத்துறன். நீ உள்ளுக்க நிண்டு சிரிக்கிறாய். ஊருக்கு நல்ல பகிடிதான்."

சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன். அப்படியே தட்டில் கையைக் கழுவிவிட்டு எழும்பிப் போனார். நாளைக்கு ஹைட்ரோலிக் பரீட்சை இருக்கிறது. படிக்க வேண்டும்.

மார்ச் 13

பரீட்சை சுமார். மீனுக்கு உப்புக் கூடிவிட்டது. வேறொன்றுமில்லை.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

அண்ணன் என்னோடு கதைப்பதில்லை. எனக்குச் சொல்ல வேண்டியதை, நான் பக்கத்தில் நிற்கும்போதே மச்சாளிடம் சொல்கிறார். "இண்டைக்கு பஸ் பிந்துமெண்டு அவளிட்டச் சொல்லு." மச்சாள் என் பக்கம் திரும்பி, "பஸ் பிந்துமாம்" என்பாள். போன கிழமை அவளுக்கு அலுத்துவிட்டது. "நான் என்ன உங்கள் ரெண்டு பேருக்கும் நடுவில றேடியோவோ?" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணன் முகத்தை யன்னல் பக்கம் திருப்பினார். அவருக்கும் சிரிப்பு வந்திருக்க வேண்டும்.

இன்று சிலுவைப்பாதை. முன்பு ஒருவர் முதுகில் ஒருவர் இடிபட்டு நடப்போம். இந்த முறை எனக்கு முன்னாலும் பின்னாலும் நிறைய இடம் இருந்தது. நல்ல காற்றோட்டமாக நடந்தேன்.

மே 21

ஏறிவிட்டேன்.

காற்று எழும்ப முதல், விடியவே தளத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். ஓடாமல் நிறுத்தி வைத்திருந்த காற்றாலை. கோபுரத்துக்குள்ளே நேர்குத்தாக ஒரு ஏணி. இடுப்பிலும் தோளிலும் பட்டி கட்டி, கம்பியில் கொளுவிக்கொண்டு ஏற வேண்டும். பாதிவழித் தட்டு வரைக்கும் ஒன்றும் தெரியவில்லை. அதற்குப் பிறகு ஒரு முறை கீழே பார்த்துவிட்டேன். கை ஏணியை விட மறுத்தது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை.

கீழே நின்ற றிஸ்மியா கத்தினாள்: "கொன்சீலியா! அடுத்த கம்பியை மட்டும் பாரு! அதுக்கு மேல ஒண்ணும் இல்லண்டு நெனச்சுக்க!"

அவள் தந்த தைரியமா, எனக்குக் கீழே நின்ற பொடியன் சிரித்ததா, எது ஏற்றியது என்று தெரியாது. உச்சியில் மூடியைத் திறந்து தலையை வெளியே விட்டபோது முதலில் அழுகைதான் வந்தது. கடல், களப்பு, பனைகள், எங்கள் கோயில், எங்கள் கூரை. எங்கள் கூரையில் காயப்போட்டிருந்த மச்சாளின் பச்சைச் சேலைகூடத் தெரிந்தது.

வேறு ஒன்றும் தெரிந்தது. இப்போது அதை எழுத மனமில்லை. களைப்பாக இருக்கிறது.

மே 22

சரி, எழுதுகிறேன். கீழே நிற்கும்போது வெளி முழுக்க ஒரே மட்டமாகத்தான் தெரியும். மேலேயிருந்து பார்த்தால் அப்படியில்லை. தண்ணீர் ஓடிய தடம் மண்ணில் கருமையாக, இரண்டு கிளையாகக் கிடக்கிறது. ஒன்று பள்ளிக்கூடத்துக்குப் பின்னால், மற்றது எங்கள் வீட்டு வளவுக்குத் தெற்கே. இரண்டும் நேராகப் போய்க் கம்பனி றோட்டில் முட்டி நின்றுவிடுகின்றன. றோட்டுக்கு அந்தப் பக்கம் களப்பு வரைக்கும் மண் வெளிறிப்போயிருக்கிறது.

அண்ணன் சொல்வது முழுக்கச் சரி. கண்ணால் கண்டேன்.

ஆனால் அந்தக் காற்றாலை அவ்வளவு அழகான இயந்திரம். அதுவும் உண்மைதான்.

மே 26

குகதாசன் சேரிடம் மதகைப் பற்றிக் கேட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "பிள்ளை, நான் படிப்பிக்க வந்தனான். றோட்டுப் போட்டது வேற ஆக்கள்" என்றார். பிறகு, "நீர் சொல்லுறது விளங்குது" என்றும் சொன்னார்.

ஜூன் 11

தளத்துக் கேற்றில் நிற்கும் காவலாளியைப் பற்றி இவ்வளவு நாளும் ஒன்றும் யோசித்ததில்லை. இன்று றிஸ்மியா தண்ணீர் கேட்கப் போன இடத்தில் அவரோடு கதைத்திருக்கிறாள். பெயர் சுகிர்தன். போன முறை இதே வகுப்பில் படித்தவர். எங்கள் வகுப்பில் தரப்போகும் அதே சான்றிதழ் அவரிடமும் இருக்கிறது.

"ஏன் உள்ளுக்க வேலை தரேல்லையோ?" என்று நான் அவரிடமே போய்க் கேட்டேன்.

"உள் வேலைக்கு வெளியில இருந்து கொண்டு வருவினம். அனுபவம் வேணுமாம். எங்களுக்கு அனுபவம் எங்கயிருந்து வாறது? உள்ளுக்க விட்டாத்தானே" என்றார். கழுத்தில் தொங்கிய விசிலைத் தூக்கிக் காட்டினார். "இதுக்கு அனுபவம் தேவையில்லை."

பஸ்ஸில் வரும்போது றிஸ்மியா வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். நான்தான், "எங்கட முறை அப்படி இராது. எங்களைப் படமெல்லாம் எடுத்தவை" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

ஜூலை 16, புதன்

இன்று கம்பனி லொறிகள் வருவதாக ஊருக்குத் தெரிந்திருக்கிறது. சந்தியில் சனம் றோட்டை மறித்து நின்றது. லொறிகளுக்கு முன்னால் வந்தது எங்கள் பயிற்சி பஸ்.

நான் தலைக்கவசத்தை மடியில் வைத்துக்கொண்டு யன்னல் கரையில் இருந்தேன். எல்லாம் தெரிந்த முகங்கள். எனக்கு ஞானஸ்நானத் தாய் லூர்தம்மா மாமி வந்து யன்னலில் கையால் அடித்தாள். "இறங்கடி கீழே! உன்ர வீட்டுக்கயும்தானே தண்ணி வந்தது! வெக்கமில்லையோ!" பஸ் ஆடியது. றிஸ்மியா என் கையைப் பிடித்துக்கொண்டாள். பொலிஸ் ஜீப் ஒன்று தூரத்தில் நின்றது.

அப்போது அண்ணன் முன்னால் வந்தார். சனத்தைப் பார்த்து இரண்டு கையையும் தூக்கினார்.

"இது லொறி இல்லை. பிள்ளையள் படிக்கப் போகுதுகள். வழியை விடுங்கோ."

"உன்ர தங்கச்சி இருக்கிறாள் எண்டோ விடச் சொல்லுறாய்?" என்று யாரோ கேட்டார்கள்.

"ஆர் இருந்தாலும் விடத்தான் சொல்லுவன். படிக்கிற பிள்ளையளோட எங்களுக்குச் சண்டை இல்லை."

விட்டார்கள். பஸ் அவரைக் கடந்து போகும்போது ஒரு கை தூரத்தில் நின்றார். யன்னலைப் பார்க்கவில்லை. சேட்டின் தோள் தையல் விட்டிருந்தது. நான் தைத்துக் கொடுத்திருக்க வேண்டும்.

லொறிகள் திரும்பிப் போயினவாம்.

ஆகஸ்ட் 22

முடிவுகள் வந்துவிட்டன. றிஸ்மியா முதலாவது. நான் நாலாவது. அவளுடைய புள்ளிகளைப் பார்த்து குகதாசன் சேர், "இப்படி ஒரு பெறுபேறு நான் குடுத்ததே இல்லை" என்றார். றிஸ்மியா உம்மாவுக்குப் போன் எடுத்தாள். மகன் போனை வாங்கி, "இனி வருவியா?" என்று கேட்டானாம். "வேலை கிடைச்சதும் உன்னைக் கூட்டிட்டுப் போவன்" என்று சொன்னாள்.

செப்டெம்பர் 1

எனக்கு வேலை கிடைத்துவிட்டது!

கம்பனியின் சமூகத் தொடர்பு அதிகாரி திரு. கஜமுகன் கூப்பிட்டு விட்டார். குளிரூட்டிய அறை, பிஸ்கற், பால் தேத்தண்ணி. ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு நிரந்தர இடம் இருக்கிறதாம். ஒக்டோபர் முதலாம் திகதி சேரலாமாம்.

"உங்களைத்தான் தெரிவு செய்திருக்கிறம்" என்றார். மிகவும் நல்லவிதமாகக் கதைத்தார். அண்ணனையும் விசாரித்தார். "றெஜிஸ் நல்ல மனிசன். குடும்பத்தில ஒராள் எங்களோட இருந்தா ரெண்டு பக்கத்துக்கும் விளக்கம் கூடும்தானே" என்றார்.

பட்டினத்தில் ஒரு கேக் வாங்கிக்கொண்டு வந்தேன். மச்சாள் ஒரு துண்டை வாயில் வைத்துவிட்டு, நல்ல கேக் என்று சொன்னாள். முகம்தான் நல்லாயில்லை. பிள்ளைக்குக் காய்ச்சலோ என்னவோ.

றிஸ்மியாவுக்கு இன்னும் அழைப்பு வரவில்லை. அவள் முதலாவதாக வந்தவள். அவளுக்கு இன்னும் பெரிய இடமாக வரும்.

செப்டெம்பர் 7, ஞாயிறு

சங்கக் கூட்டத்தில் அண்ணன் எழும்பி, மறியலை இப்போதைக்கு நிற்பாட்டுவோம் என்றார். "வாற மழை முடியட்டும். பிறகு பாப்பம்."

"மழை முடிஞ்ச பிறகு மதகு எதுக்கு?" என்று ஒரு குரல் கேட்டது. அண்ணன் சேட்டுப் பையில் கையை விட்டுக்கொண்டு கீழே பார்த்தார். அவர் அப்படி நின்று நான் கண்டதில்லை.

களைத்துப் போயிருப்பார்.

செப்டெம்பர் 8

லொறிகள் உள்ளே போய்விட்டன.

செப்டெம்பர் 10

காலையில் அண்ணனின் வள்ளம் கரைக்கு வந்தபோது இழுக்க ஒருவரும் வரவில்லை. பாரமான வள்ளம். எப்போதும் பத்துப் பேர் ஓடி வந்து தோள் கொடுப்பார்கள். யார் வள்ளமென்றாலும் கொடுப்பார்கள். அது கரையில் கேட்டுச் செய்கிற வேலை இல்லை. இன்று அத்தனை பேரும் தங்கள் வலையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அண்ணன் தனியத் தள்ளினார். அலை வந்து வள்ளத்தைப் பக்கவாட்டில் திருப்பியது. நான் பஸ்ஸுக்கு நின்றவள், பையை மணலில் போட்டுவிட்டு ஓடினேன். மச்சாளும் ஓடி வந்தாள். மூன்று பேருமாக நெஞ்சைக் கொடுத்து, முழங்காலில் விழுந்து, எப்படியோ ஏற்றினோம். மூச்சு வாங்க நின்றபோது அண்ணன் என்னைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாய் எடுத்தார். பிறகு மச்சாளிடம், "அவளின்ர உடுப்பு நனைஞ்சுபோச்சு. வேற உடுக்கச் சொல்லு" என்றார்.

செப்டெம்பர் 14, ஞாயிறு

பூசைக்கு அண்ணன் வரவில்லை. மச்சாள் அரிசி அரித்துக்கொண்டிருந்தாள். நான் கேட்டேன்: "மச்சாள், அண்ணன் ஏன் விட்டவர்? ஆரும் வெருட்டினவையோ?"

அவள் அரிசியை அரித்துக்கொண்டே இருந்தாள். கல் வந்ததோ இல்லையோ, தண்ணீரை மாற்றி மாற்றி அரித்தாள்.

"மச்சாள்."

"உனக்கு உண்மையா விளங்கேல்லையோ, விளங்காத மாதிரி இருக்கிறியோ?"

நான் அவளுக்குப் பக்கத்தில் குந்தினேன்.

"நீ கேக் வாங்கிக்கொண்டு வந்தாய். அதுக்கு மூண்டு நாளைக்கு முதலே அந்தக் கஜமுகன் இங்க வந்தவர். இந்தக் கதிரையிலதான் இருந்தவர். 'தங்கச்சிக்கு ஒரு இடம் இருக்கு, நிரந்தரம். ஆனா றோட்டில பிரச்சினை இருந்தா மேலிடம் ஓமெண்டாது' எண்டு சொன்னவர். பிள்ளையளுக்குச் சொக்கிலேற்றும் கொண்டு வந்தவர்."

"அண்ணன் என்ன சொன்னவர்?"

"முதல் எழும்பிப் போகச் சொன்னவர். பிறகு ராத்திரி முழுக்கப் படுக்கேல்லை. 'இவ்வளவு படிச்சுப்போட்டு அவளும் கேற்றில விசிலோட நிக்கிறதோ? வலை தெரிஞ்சு கையெல்லாம் கிழியிறதுக்கோ நான் அவளை வளத்தனான்?' எண்டவர். உன்னட்டச் சொல்ல வேண்டாமெண்டு என்னட்டச் சத்தியம் வாங்கினவர். இப்ப நான் சத்தியத்தையும் முறிச்சிட்டன்."

அரிசிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

இதை எழுதும்போது கேக்கின் மிச்சம் அலுமாரியில் இருப்பது ஞாபகம் வந்தது. கொண்டுபோய்க் கோழிக்குப் போட்டேன். அந்தப் பிஸ்கற்றையும் பால் தேத்தண்ணியையும் என்ன செய்வது என்று தெரியவில்லை. அன்றைக்கே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்துதான் இருந்தது என்று நினைக்கிறேன்.

செப்டெம்பர் 16

பட்டினத்தில் றிஸ்மியாவின் அறைக்குப் போய் எல்லாம் சொன்னேன். அவள் சாமான் கட்டிக்கொண்டிருந்தாள். வாடகை இனிக் கட்ட முடியாது, ஊருக்குப் போகிறாள்.

"எனக்குத் தெரியும்" என்றாள்.

"எப்பிடி?"

"நாலாவது ஆளுக்கு வேலை, மொதலாவது ஆளுக்கு வாழ்த்து. இதுக்குக் கணக்கா படிக்கணும்?" சேலையை மடித்துப் பெட்டிக்குள் வைத்தாள். "நீ எடுத்துக்க கொன்சி. நான் உன் மேல கோவிக்க மாட்டன். எனக்கு ஒரு அண்ணன் இருந்து, எனக்காக இப்பிடி ஒரு பிழை செஞ்சிருந்தா நானும் எடுத்திருப்பன்."

"எடுக்கச் சொல்லுறியா?"

"சொல்லல்ல. கோவிக்க மாட்டண்டு மட்டும்தான் சொல்றன்."

அவளுடைய பெட்டியை பஸ் நிலையம் வரைக்கும் தூக்கிக்கொண்டு போனேன்.

செப்டெம்பர் 21, ஞாயிறு

கோயில் வாசலில் கூட்டம். அண்ணனைச் செயலாளர் பதவியிலிருந்து நீக்குவதற்காகவே கூட்டியது. பெண்கள் அங்கே நின்று கேட்பதுண்டு, கதைப்பதில்லை. நான் நடுவுக்குப் போனேன்.

அண்ணன் கண்டுவிட்டார். ஆறு மாதத்துக்குப் பிறகு என்னைப் பார்த்து நேராகச் சொன்ன முதல் வார்த்தை: "கொன்சி, வேண்டாம். வீட்ட போ."

"போறன் அண்ணா. சொல்லிப்போட்டுப் போறன்."

கோபுரத்தில் ஏறியதைவிட இது பயமாக இருந்தது. கஜமுகன் வீட்டுக்கு வந்ததையும் வேலையையும் றோட்டையும் சேர்த்துப் பேசியதையும் சொன்னேன். "அண்ணன் தனக்கெண்டு ஒண்டும் வாங்கேல்லை. எனக்காகத்தான் விட்டவர். அது பிழை. அது அவருக்கும் தெரியும். ஆனா எனக்கு அந்த வேலை வேண்டாம். நேற்றுப் போன் எடுத்துக் கம்பனிக்குச் சொல்லிப்போட்டன்."

"ரெண்டு பேரும் சேர்ந்து நல்லா நடிக்கினம்" என்றார் ஒருவர். சிலர் சிரித்தார்கள்.

"நடிப்பெண்டு வையுங்கோ. இன்னொண்டும் கேளுங்கோ. நான் மேல ஏறிப் பாத்தனான். தண்ணி ரெண்டு இடத்தால வடியிறது. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால ஒண்டு, எங்கட வளவுக்குத் தெற்கால ஒண்டு. நீங்கள் மதகு வேணும் எண்டு மட்டும் கேட்டா, அவை வசதியான இடத்தில ஒண்டை வைச்சுப்போட்டுப் போயிருவினம். இந்த ரெண்டு இடத்தையும் சொல்லிக் கேளுங்கோ."

லூர்தம்மா மாமி கூட்டத்துக்குள்ளிருந்து வந்தாள். அடிக்கப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். "மணலில கீறிக் காட்டடி" என்றாள்.

கீறிக் காட்டினேன். ஒவ்வொருவராகக் கிட்ட வந்து குனிந்து பார்த்தார்கள். அண்ணன் மட்டும் வரவில்லை. அவரைப் பதவியிலிருந்து நீக்கிவிட்டார்கள். அதில் ஒரு மாற்றமும் இல்லை.

செப்டெம்பர் 22

விடியக் கரைக்குப் போய்ப் பார்த்தேன். வள்ளம் இழுக்க நாலு பேர் வந்திருந்தார்கள். பத்துப் பேர் இல்லை. நாலு பேர்.

ஒக்டோபர் 1

இன்றைக்கு வேலைக்குப் போயிருக்க வேண்டிய நாள். நண்டு வலை தெரிந்தேன்.

ஒக்டோபர் 17

மறியல் மறுபடி நடந்து, மாவட்டத்திலிருந்து அதிகாரிகள் வந்து பார்த்து, பெரிய இழுபறிக்குப் பிறகு ஒரு இடத்தில் றோட்டை வெட்டிக் குழாய் வைக்கக் கம்பனி சம்மதித்தது. ஒரு இடத்தில்தான். எது என்று ஊரையே கேட்டார்கள். எங்கள் வளவுப் பக்கத்து வீட்டுக்காரர் எல்லோரும் அண்ணனைப் பார்த்தார்கள். பதவி இல்லாவிட்டாலும் அவரைத்தான் பார்த்தார்கள்.

"பள்ளிக்கூடப் பக்கம்" என்றார். "அங்கதான் சின்னப் பிள்ளையள் இருக்குதுகள்."

நவம்பர் 19

மழை. நாலாவது நாள். பள்ளிக்கூடப் பக்கம் தண்ணீர் குழாயால் பாய்ந்து போகிறதாம், பார்க்கவே சந்தோசமாக இருக்கிறதாம். எங்கள் பக்கம் முழங்காலுக்கு மேலே. மச்சாளும் பிள்ளைகளும் நானும் பள்ளிக்கூடத்தில் தங்கியிருக்கிறோம். ஈரமில்லாத ஒரு வகுப்பறை, பாண், பருப்பு. எங்களுக்கு இடம் விட்டுத் தந்தது லூர்தம்மா மாமி. அண்ணன் வீட்டுக் கூரையில் வலைகளைக் கட்டிப் பாதுகாத்துக்கொண்டிருக்கிறார்.

நவம்பர் 22

றிஸ்மியாவிடமிருந்து அழைப்பு. புத்தளம் பக்கத்தில் வேறொரு கம்பனிக்கு எழுதிப் போட்டிருக்கிறாள். தனக்கு மட்டும் இல்லை, என்னைக் கேட்காமலே என் பெயரையும் போட்டிருக்கிறாள். திங்கட்கிழமை நேர்முகமும் கோபுரம் ஏறும் பரீட்சையுமாம். "எனக்குக் கெடச்சி உனக்குக் கெடைக்காமப் போகலாம். சொல்லிட்டன்" என்றாள். "பரவாயில்லை" என்றேன். அது உண்மையாகவே பரவாயில்லாமல் இருந்தது.

வீடு தண்ணீருக்குள் இருக்கும்போது போவதா என்று மச்சாளிடம் கேட்டேன். "நீ நிண்டா தண்ணி வத்திருமோ?" என்றாள்.

நவம்பர் 23, ஞாயிறு

மத்தியானம் மழை விட்டது. அண்ணன் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். கையில் ஒரு நீளமான கம்பும் சுத்தியலும். வாசலில் நின்று மச்சாளைத் தேடினார். அவள் பிள்ளையைக் குளிக்க வார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்த்தார்.

"நாளைக்குப் போறியாம்."

"ஓம் அண்ணா."

"போக முதல் அந்த ரெண்டாவது இடத்தைக் காட்டிப்போட்டுப் போ. சரியான இடத்தை. அடுத்த வருசம் அவை வந்து கேக்கேக்க நான் கையைக் காட்ட வேணும்."

இரண்டு பேரும் தண்ணீருக்குள் இறங்கிப் போனோம். எங்கள் வளவு வேலியின் மேற்பாதி ஓலை மட்டும் தெரிந்தது. அவர் முன்னால் நடந்து, பள்ளம் இருக்கும் இடத்தில் நின்று கை தந்தார். கம்பனி றோட்டில் ஏறினோம். ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் வெறும் மண். மேலே காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன.

"இதிலயோ?"

"இன்னும் கொஞ்சம் அங்கால. அந்த ரெண்டு பனைக்கும் நேரே."

அவர் கம்பை ஊன்றினார். நான் பிடித்துக்கொண்டேன், அவர் அடித்தார். கம்பனி வாகனம் ஒன்று வந்து எங்களுக்குப் பின்னால் நின்று ஹோர்ன் அடித்தது. அண்ணன் திரும்பிப் பார்க்கவில்லை. அடித்துக்கொண்டே இருந்தார். திரும்பவும் ஹோர்ன் அடித்தது.

"பிடியை விட்டிராத" என்றார்.

"விடேல்லை."

கம்பு அசையாமல் நின்ற பிறகுதான் இருவரும் ஓரத்துக்கு வந்தோம். வாகனம் சேற்றை அடித்துக்கொண்டு போனது. அண்ணன் சுத்தியலை உடுத்திருந்த சாரத்தில் துடைத்தார்.

"மேல ஏறேக்க பயமில்லையோ?" என்று கேட்டார்.

"பயம்தான்."

"ம்ம்" என்றார். கொஞ்சம் கழித்து, "எனக்கும் கடலில பயம்தான். ஆரிட்டயும் சொன்னதில்லை" என்றார்.

திரும்பித் தண்ணீருக்குள் இறங்கினோம். விடியப் பஸ். சப்பாத்தை வகுப்பறை யன்னலில் வைத்திருக்கிறேன். இன்னும் காயவில்லை.